டம்மி துப்பாக்கி வாங்கப் போகிறீர்களா?

விழுப்புரத்தில் எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அலமாரியைக் காட்டி, "அது நிஜத் துப்பாக்கியா?" என்று கேட்டுவிடுவார்கள். கண்ணாடிக் கதவைத் திறந்து கையில் கொடுப்பேன். ஒன்றரை அடி நீளம். சக்கிமுக்கிக் கல்லால் சுடும் காலத்துக் குதிரைப்படைக் கைத்துப்பாக்கியின் நகல். முழுவதும் மரம். வாங்கியவர் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். பிறகு கைப்பிடியின் வளைவைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவுவார். உடனே திருப்பித் தந்தவர் ஒருவரும் இல்லை.

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததிலிருந்து, "எனக்கும் ஒன்று வேண்டும், எதை வாங்கலாம்?" என்று திண்டிவனத்து நண்பர்களும் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். கம்பெனி, மாடல் எல்லாம் பிறகு. நம் பக்கத்துக்கு இதில் ஒரு வசதி உண்டு. 1760 ஜனவரி 22 அன்று அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதிய வந்தவாசி, திண்டிவனத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அன்று சிறைப்பட்ட பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸிதான் பத்து வருடத்துக்கு முன் ஒரே இரவில் செஞ்சியைப் பிடித்தவர். மரக்காணம் சாலையில் பஸ்ஸில் போகும்போது தெரிகிற பெருமுக்கல் குன்றும் அதே 1760இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. மறு வருடம் ஜனவரியில் புதுச்சேரி, ஏப்ரலில் செஞ்சி. இந்த மண்ணில் சக்கிமுக்கித் துப்பாக்கி அந்த அளவுக்கு நடமாடியிருக்கிறது.

அடுத்த நூற்றாண்டுகளின் கதையும் நமக்கு ஒரு மணி நேரப் பயணத்தில்தான் இருக்கிறது. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற வாஞ்சிநாதன், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். அவர் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். 1760 உங்களை இழுக்கிறதா, 1911 இழுக்கிறதா என்று தெரிந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும். முன்னதற்கு மரம், பின்னதற்கு உலோகம்.

தீபாவளிக்கு வருகிற ரோல் கேப் துப்பாக்கியை இந்தப் பேச்சில் சேர்க்க வேண்டியதில்லை. அது குழந்தைகளின் சந்தோஷம், அப்படியே இருக்கட்டும். பிளாஸ்டிக் மணி தெறிக்கும் சீன பொம்மைகளை வாங்கவே வாங்காதீர்கள். தூரத்திலிருந்து அசல் போலத் தெரியும், கையில் எடுத்தால் தக்கை. கண்ணில் பட்டால் மட்டும் அந்த மணி விளையாட்டு இல்லை.

வெளிநாட்டில் சுடக்கூடிய நகல்களே கிடைக்கின்றன. 1957இல் தொடங்கிய இத்தாலியின் பெடர்சோலி நிறுவனம் கருமருந்துத் துப்பாக்கிகளைப் பழைய அளவிலேயே செய்து விற்கிறது. அமெரிக்காவில் அதற்கென்றே போட்டிகள் நடக்கின்றன. நமக்கு அது ஒத்துவராது. கருமருந்தால் சுடுகிற எதுவும் 1959ஆம் வருடப் படைக்கலச் சட்டத்தில் துப்பாக்கிதான்; நேற்றுச் செய்ததானாலும் லைசென்ஸ் வேண்டும்.

ஆக, நமக்கு உண்மையான தேர்வு மூன்று: உலோக டம்மி, மர நகல், ஏர் பிஸ்டல்.

உலோக டம்மியில் பெயர் பெற்றது ஸ்பெயினின் டெனிக்ஸ். துத்தநாகக் கலவையில் வார்த்தவை. குதிரை பின்னால் போகும், விசை இழுபடும், சுட மட்டும் முடியாது. (அடிக்கும் பாகத்துக்குத் தமிழில் குதிரை என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் கண் கூர்மையானது. பின்னால் இழுத்து நிறுத்தினால் பாயக் காத்திருக்கிற மாதிரியே நிற்கும்.) இதில் எந்த மாடல் என்று கேட்டால் நான்கைச் சொல்வேன்.

ஜெர்மன் ராணுவம் 1908இல் ஏற்ற லூகர், அழகில் முதலிடம். அதன் மேல்பகுதி முழங்கால் மூட்டுப் போல மடங்கி எழும். ஒரு நண்பர் வீட்டில் அதை இருபது தடவை மடக்கி நீட்டிப் பார்த்திருக்கிறேன், அலுக்கவில்லை. மவுசர் சி96 பார்வைக்கு மட்டும். விசைக்கு முன்னால் பெட்டி, பின்னால் துடைப்பக்கட்டை போன்ற உருண்டைப் பிடி. 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவில் ரோடா கம்பெனிச் சரக்கிலிருந்து புரட்சிக்காரர்கள் கொண்டுபோன 50 துப்பாக்கிகளும் மவுசர்தான். அந்த வரலாறு தெரிந்தவருக்கு அதன் விநோத வடிவமும் பிடித்துப்போகும். ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் 1911, அமெரிக்கப் படையில் எழுபது வருடத்துக்கு மேல் இருந்தது. அசல் ஒரு கிலோவுக்கு மேல் கனம். நகலிலும் அந்தக் கனம் இருந்தால்தான் வாங்க வேண்டும்.

நான்காவது வெப்லி ரிவால்வர். ஒருவர் ஒன்றே ஒன்றுதான் வாங்கப் போகிறார் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வெள்ளைக்கார அதிகாரிகளின் இடுப்பில் இருந்தது இது. கான்பூரில் செய்யப்படும் நம் .32 ரிவால்வரும் இதன் வழி வந்ததே. கட்டைவிரலால் பக்கத்துத் தாழை அழுத்தினால் நடுவில் முறிந்து குழல் தலை குனியும். உருளையின் ஆறு அறைகளும் மேலே பார்க்கும். மூடும்போது 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தம் சுத்தமாக இருந்தால் வார்ப்பு நல்லது. ஆடிக்கொண்டு மூடினால் தாழ் சீக்கிரம் தேயும், வாங்க வேண்டாம்.

கடையில் பார்க்க வேண்டியவை இன்னும் சில. ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். துத்தநாகத்தில் காந்தம் ஒட்டாது. "சுத்த இரும்பு சார்" என்று சொல்கிறவரிடம் ஒட்டிக் காட்டச் சொல்லலாம். குழலின் கீழே வார்ப்பு அச்சு சேர்ந்த கோடு நகத்தில் தட்டினால் முடிப்பு வேலை சரியில்லை. ஆன்லைனில் படம் பார்த்து நான் ஒருமுறை ஏமாந்தேன். 'ஃபுல் மெட்டல்' என்று போட்டிருந்தார்கள். வந்தது பிளாஸ்டிக் உடம்புக்குள் ஒரு இரும்புத் துண்டு, கனத்துக்காக வைத்தது. அதிலிருந்து எடையைக் கிராமில் எழுதாத விளம்பரத்தை நான் நம்புவதில்லை. வெளிநாட்டிலிருந்து நேரே வரவழைத்தால் சுங்கத்தில் பார்சல் நின்றுபோகலாம். 2016ஆம் வருடப் படைக்கல விதிகள் நகல் துப்பாக்கியைப் பற்றியும் பேசுகின்றன. இந்தியாவுக்குள் ரசீதோடு விற்கிறவரிடம் வாங்குவதே நல்லது. ஒரு சந்தேகம் என்றாலும் உள்ளூர் காவல் நிலையத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இனி என் மனசுக்குப் பிடித்ததற்கு வருகிறேன். மர நகல்.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும். 2019 வரை அந்த ஊர் நம் விழுப்புரம் மாவட்டம்தான். பிள்ளையாரும் நடராஜரும் செதுக்குகிற பட்டறை ஒன்றுக்கு, 1733ஆம் வருடப் பிரெஞ்சுக் குதிரைப்படைத் துப்பாக்கியின் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக்கொண்டு போனேன். அந்தப் படையில் எல்லோருக்கும் ஒரே அளவு என்று வந்த முதல் கைத்துப்பாக்கி அது. ஆசாரி படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"குழலையும் மரத்துலயே போட்டுடலாமா தம்பி?"

"போட்டுடுங்கண்ணே. இரும்பு வேண்டாம்."

"அப்ப கருமருதுல குழல், வாகையில கட்டை. ரெண்டு நிறமும் தானா வந்துடும், பெயிண்டு தேவையில்ல."

அவர் செய்த ஒரு காரியத்தை உங்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். பலகையில் நேராக வெட்டாமல், கிளை பிரிகிற இடத்தில் வளைந்து ஓடும் ரேகையாகப் பார்த்து மரத்தைத் தேடினார். கைப்பிடி வளைவோடு ரேகையும் சேர்ந்து வளைந்தால் அது உடையாது. நேர் ரேகையை வளைவில் குறுக்கே வெட்டினால், ஒருநாள் கீழே விழும்போது கழுத்தில் முறியும். நீங்கள் செய்யச் சொல்லும்போது இந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். மற்றதை அவர்கள் கையே பார்த்துக்கொள்ளும். கல்லைக் கவ்வும் தாடை, அதில் ஒரு திருகு, மருந்து வைக்கும் சிறு கிண்ணம், அதன் மேல் சாய்ந்த மூடி எல்லாவற்றையும் செதுக்கியிருந்தார். கல் மட்டும் மரத்தில் வரவில்லை. ஒரு கூழாங்கல்லை உடைத்து வைத்தேன்.

மரமும் கூலியும் சேர்த்து அன்று நாலாயிரத்துச் சொச்சம் ஆயிற்று. இரண்டு மாதம் காத்திருந்தேன். இந்தக் குதிரை நகராது, விசை இழுபடாது. இயக்கிப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும், அவர் வெப்லிக்கே போகட்டும். கையில் பிடித்துக்கொண்டு வந்தவாசியை நினைக்க விரும்புகிறவருக்கு இதற்கு ஈடு கிடையாது. வருடம் ஒருமுறை ஆளிவிதை எண்ணெய் தேய்க்கிறேன். நிறம் ஆழமாகிக்கொண்டே போகிறது. வண்டு மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். நகலின் அடியில் மாவு போலப் பொடி உதிர்ந்தால் உடனே ஆசாரியிடம் கொண்டு போங்கள்.

உலோகத்துக்குப் பகை உப்புக்காற்று. திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் உப்பளம் இருக்கிற பக்கம் குடியிருப்பவர்கள், உள்ளே இருக்கும் இரும்பு ஸ்பிரிங்குக்கு மாதம் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள்.

ஏர் பிஸ்டலைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது வேறு ஆசை. 4.5 மில்லிமீட்டருக்கு மேல் போகாத குழலும் 20 ஜூலுக்குக் குறைந்த ஆற்றலும் உள்ளதற்கு லைசென்ஸ் தேவையில்லை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து வாங்க வேண்டும். ஜெர்மனியின் உமாரெக்ஸ், லூகர் வடிவத்திலேயே ஒன்று செய்கிறது. ஆனால் குறிபார்த்துச் சுட ஆசை என்றால் பழைய வடிவத்தை மறந்துவிட்டு, 2024இல் பாரிஸில் மனு பாக்கர் வெண்கலம் வாங்கிய 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டிக்கான கருவியை ஒரு ரைஃபிள் கிளப்பில் சேர்ந்து பழகுங்கள். மொட்டை மாடியில் வைத்துச் சுடாதீர்கள். பக்கத்து மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருப்பார்கள்.

எதை வாங்கினாலும் அது வீட்டுக்குள் இருக்கட்டும். ஜப்பானில் 1971இல் உலோக டம்மி கைத்துப்பாக்கிகளின் குழலை அடைக்கவும், வெள்ளையோ மஞ்சளோ பூசவும் சட்டமே போட்டார்கள். அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கியின் முனை ஆரஞ்சு. நாமும் உலோக நகலின் முனையில் ஒரு விரல் அகலம் ஆரஞ்சு பூசலாம், அழகு குறைந்துவிடாது. பஸ்ஸிலோ ரயிலிலோ கொண்டுபோக நேர்ந்தால் பெட்டிக்குள் வைத்து, ரசீதையும் உடன் வையுங்கள். கல்யாண வீட்டில், திருவிழாவில், செல்ஃபிக்கு என்று வெளியே எடுக்கவே வேண்டாம். பார்க்கிறவருக்கு அது நகல் என்று தெரியாது, பந்தோபஸ்துக்கு நிற்கிற போலீஸ்காரருக்கும் தெரியாது.

பணம் கொடுக்கும் முன் அசலை ஒருமுறை பார்த்துவிடுங்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ரயில் ஏறினால் எழும்பூர். அங்கிருந்து பாந்தியன் சாலை அருங்காட்சியகத்துக்கு நடந்தே போகலாம். படைக்கலக் கூடத்தில் பழைய துப்பாக்கிகள் இருக்கின்றன. கைப்பிடி எவ்வளவு வளைந்திருக்கிறது, குழலுக்கும் கட்டைக்கும் என்ன விகிதம் என்று நின்று பார்த்து, நோட்டில் வரைந்துகொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை விடுமுறை.