பந்தியும் பாதுகாப்பும்: பள்ளிச் சிறாரின் உணவு ஒவ்வாமை

நீலகிரியிலுள்ள குன்னூர் தேயிலைக்கு மட்டும் பெயர்பெற்ற ஊரன்று; இந்திய நாட்டு உணவாராய்ச்சி வேரூன்றிய இடமும் அதுவேயாகும். 1907ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பெற்ற பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில், 1918ஆம் ஆண்டில், ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் பெரிபெரி நோயைப் பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அவ்வோர் அறையே பின்னர் உணவாராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது; 1958இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பெற்று, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்னும் பெயரோடு விளங்குகின்றது. மக்காரிசனுக்குப் பின் வந்த அய்க்ராய்டு என்பார், சிறாரின் அன்றாட உணவோடு வெண்ணெய் நீக்கிய பாலையும் சோயா மொச்சையையும் சேர்த்துக் கொடுத்து, அவற்றால் விளையும் பயனை ஆராய்ந்து 1937இல் வெளியிட்டார்.

அவ்வறிஞர்கள் கேட்ட வினா ஒன்றே: பிள்ளையின் உணவில் குறைவது யாது? அவ்வினா இன்றும் பழையதாகிவிடவில்லை. ஆயினும், இக்காலத்துப் பள்ளிகள் அதனோடு மற்றொரு வினாவையும் கேட்க வேண்டியனவாயுள்ளன: இந்தப் பிள்ளைக்கு ஆகாதது யாது? என்னை? அன்று வளர்ச்சிக்கெனக் கொடுத்துப் பார்த்த பாலும் சோயாவுமே சில பிள்ளைகளுக்கு ஊறு செய்யும் பொருள்களின் வரிசையில் இன்று வைத்து எண்ணப்படுகின்றன. இவ்விரு வினாக்களையும் ஒருங்கே நெஞ்சிற் கொண்டு, பள்ளிப் பந்தியைக் காப்பது எங்ஙனம் என்பதையே யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஒவ்வாமை யாது?

“இது எனக்குச் சேராது” என்று நம் வீடுகளிற் கூறுவர். அவ்வொரு சொல்லில் பல வேறு நிலைகள் அடங்கிக் கிடக்கின்றன. பாலிலுள்ள சர்க்கரை செரியாமையால் வயிறு உப்புதல் ஒன்று. கெட்ட உணவால் வாந்தியும் பேதியும் உண்டாதல் மற்றொன்று. ஒவ்வாமை இவ்விரண்டும் அன்று. உணவு கெட்டதாயின் அதனை உண்ட பலருக்கும் நோவு வரும். ஒவ்வாமையோ நல்ல உணவை உண்ட நூறு பேரில் ஒருவனை மட்டுமே தாக்கும்.

இதன் இயல்பைச் சுருங்கக் கூறுவோம். நோய்க் கிருமிகளை எதிர்த்து நம்மைக் காக்கும் ஆற்றல் உடலில் இயல்பாகவே அமைந்துள்ளது. அவ்வாற்றல் சிலரிடத்து, தீங்கற்ற ஓர் உணவுப் புரதத்தையும் பகையெனப் பிறழ உணர்ந்து, அதற்கெனத் தனி எதிர்ப்பொருளை உண்டாக்கி வைத்துக்கொள்கின்றது. பின்னர் அவ்வுணவு மீண்டும் உட்செல்லும்போது, ஹிஸ்டமின் முதலிய பொருள்கள் உடலெங்கும் ஒருங்கே வெளிப்படுகின்றன. தோல் தடிக்கின்றது, உதடு வீங்குகின்றது, மூச்சுக்குழல் சுருங்குகின்றது, குருதியழுத்தம் தாழ்கின்றது. பாரிசு நகரத்து அறிஞராகிய சார்ல் ரிஷே, போர்த்தியே என்பாருடன் கூடி 1902இல் இக்கடும் தாக்கத்தை விளக்கி, அதற்கு அனஃபிலாக்சிஸ் எனப் பெயரிட்டார். அதற்காக 1913இல் நோபெல் பரிசும் பெற்றார். அலர்ஜி என்னும் சொல்லை 1906இல் வழங்கியவர் வியன்னா நகரத்து மருத்துவராகிய பிர்க்கே ஆவர்.

இங்கு ஆசிரியர் நினைவிற் கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. இது மனத்தின் அச்சமன்று; பிடிவாதமன்று; “கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் பழகிவிடும்” என்று பள்ளியில் சோதித்துப் பார்க்கத்தக்கதும் அன்று. மிகச் சிறிய அளவும் சிலருக்குப் போதியதாகும்.

எத்துணைப் பேர்?

நம் நாட்டில் இது பரவலான நோயன்று. பல நாடுகளை ஒப்பிட்டு நிகழ்ந்து 2020இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, கருநாடக மாநிலத்துப் பள்ளிச் சிறாரையும் நோக்கியது. அவருள் நூற்றுக்கு ஏறத்தாழ 19 பேரின் குருதியில் ஏதேனும் ஓர் உணவுக்கு எதிர்ப்பொருள் காணப்பட்டது. ஆனால் உண்மையில் உணவு ஒவ்வாமை உடையோராகத் தோன்றியவர் நூற்றுக்கு 0.14 பேரே, அஃதாவது ஆயிரவருள் ஒருவர் அல்லது இருவர்.

இவ்விரண்டு எண்களும் இரண்டு பாடங்களைக் கற்பிக்கின்றன. குருதிச் சோதனைத் தாள் ஒன்றை மட்டும் கண்டு, பிள்ளைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்திவிடுதல் தவறு. உண்ட பின் நேர்ந்தது யாது என்பதையும் கேட்டறிந்து மருத்துவர் முடிவு செய்தல் வேண்டும். இது முதற் பாடம். ஆயிரவருள் ஒருவரேயாயினும் அவ்வொருவர் எந்தப் பள்ளியில் இருப்பார் என்பது முன்னரே தெரியாது. ஆகலின் ஒவ்வொரு பள்ளியும் ஆயத்தமாயிருத்தல் வேண்டும். இது இரண்டாம் பாடம்.

சிலருக்காக எல்லோருக்கும் அவ்வுணவை விலக்கிவிடலாமே எனின், அது பொருந்தாது. முட்டையும் நிலக்கடலையும் ஏழைப் பிள்ளைகளுக்கு எளிதிற் கிட்டும் உரமான உணவுகள். மேலும், ஒவ்வாமை தோன்றும் வாய்ப்பு மிகுந்த கைக்குழந்தைகளை இங்கிலாந்தில் ஆராய்ந்து 2015இல் வெளியான ஆராய்ச்சியொன்று, நிலக்கடலையை முதலாண்டிலேயே தக்கவாறு ஊட்டப்பெற்றோர்க்கு அவ்வொவ்வாமை பெரிதும் குறைந்தமையைக் காட்டியது. எனவே அச்சத்தால் எல்லோருக்கும் விலக்குதல் காப்பாகாது; அறிந்து ஒருவருக்கு விலக்குதலே காப்பாகும்.

அடுக்களையில் மறைந்திருப்பன

நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் வகுத்த விதிகள், பொதியுணவுகளின் மேலுறையிற் கட்டாயம் குறிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களை எட்டு வகையாகக் கூறுகின்றன: கோதுமை முதலிய தானியங்கள், இறால் நண்டு முதலியன, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் முந்திரி பாதாம் போன்ற கொட்டைகளும், சோயா, சல்ஃபைட்டு என்பன. இவையேயன்றிக் கொண்டைக்கடலை முதலிய பருப்பு வகைகளும் சிலருக்கு ஒவ்வாதனவாகும்.

மேலுறையுள்ள பண்டத்தைப் படித்தறியலாம். அடுக்களையில் மறைந்திருப்பதைப் படிப்பது எங்ஙனம்? காலையுணவில் வரும் ரவை உப்புமாவும் சேமியாவும் கோதுமையே என்பதைப் பலர் எண்ணிப் பாரார். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருத்தல் உண்டு. நெய்யில் பாற்புரதம் எஞ்சியிருக்கக்கூடும். செக்கிலாட்டிய கடலெண்ணெயில் கடலையின் புரதம் தங்கியிருக்கும். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற ஊட்டி வர்க்கி கோதுமை மாவாலானது. உதகைக் கடைத்தெருவில் எடையிட்டு விற்கும் சாக்கலேட்டுகளில் பாலும் முந்திரியும் பாதாமும் நிலக்கடலையும் ஒன்றையொன்று அடுத்தே கிடக்கின்றன; தாளிற் சுற்றிக் கொடுக்கப்படும் அவற்றிற்கு மேலுறைக் குறிப்பு ஏது? பிறந்தநாளன்று வகுப்பில் வழங்கப்படுவனவும், விடுதிப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து வருவனவும் பெரும்பாலும் இத்தகையனவே.

பண்டத்தினும் நுண்ணியது கரண்டி. கனடா நாட்டின் ஒண்டாரியோ மாகாணத்தில் 2003ஆம் ஆண்டில், பால் ஒவ்வாத 13 வயது மாணவி ஒருத்தி, பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வறுத்த உருளைக்கிழங்கை உண்டு இறந்தாள். கிழங்கிற் பால் இல்லை. பாலாடைக்கட்டி சேர்ந்த வேறோர் உணவை எடுத்த இடுக்கியாலேயே கிழங்கையும் எடுத்தமையால் தீங்கு நேர்ந்தது எனக் கருதப்பட்டது. அதன் பின்னர் 2005இல் அம்மாகாணம், பள்ளிகள் அனைத்தும் இத்தகைய பிள்ளைகளுக்குக் காப்புத் திட்டம் வகுக்க வேண்டுமெனச் சட்டம் இயற்றியது. அம்மாணவியின் பெயரால் அது சப்ரினா சட்டம் என வழங்குகின்றது. ஓர் இடுக்கி செய்ததை நம் அடுக்களையில் ஒரு கரண்டியும் செய்யவல்லது. ஆதலின் அப்பிள்ளைக்கு வேண்டியதைத் தூய கலத்தில் முதலில் எடுத்துவைத்து, பிறகே ஏனையோர்க்குப் பரிமாறுதல் நலம். கைகளைச் சோப்பிட்டு நீரால் கழுவுதல் வேண்டும். கிருமிநீக்கித் திரவம் கிருமியைக் கொல்லுமேயன்றி உணவுப் புரதத்தை அகற்றாது.

மலைநாட்டின் தனியிடர்

கடும் ஒவ்வாமை நிமிடக் கணக்கில் முற்றுவது. நம் மலைச்சாலைகளோ வளைந்து வளைந்து செல்வன. கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். எஸ்டேட்டுப் பள்ளிகள் பல, பேருந்துச் சாலையினின்றும் விலகித் தேயிலைக் காடுகளுக்கு இடையே உள்ளன. 2009ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் மலை சரிந்து வழிகள் துண்டுபட்டமையை இம்மாவட்டத்தார் மறவார். இன்று உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி உளது; 108 வண்டியும் உளது. ஆயினும் அவை வந்தடையும் வரையில் பிள்ளையின் உயிர் ஆசிரியர் கையிலேயே இருக்கின்றது.

ஆகவே, உடனிருப்போர் அறிய வேண்டுவன இவை. ஆகாத உணவை உண்டபின், பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்திற்குள், காணாக்கடி போன்ற தடிப்பு, நமைச்சல், உதடும் கண்ணிமையும் வீங்குதல், வாந்தி ஆகியன தோன்றலாம். குரல் கம்முதல், தொடர் இருமல், மூச்சிழுப்பு, விழுங்க இயலாமை, மயக்கம் என்பவற்றுள் ஒன்று காணினும் அதனைப் பேரிடராகவே கொள்ளல் வேண்டும். தோலில் ஒரு குறியும் இன்றியே இவை வருதலும் உண்டு.

அப்போது முதன்மையான மருந்து அட்ரினலின். அது தொடையின் வெளிப்புறத் தசையில் ஊசியாற் செலுத்தப்படுவது. தானே குத்திக்கொள்ளத்தக்க எழுதுகோல் வடிவான ஊசி நம் ஊர்க் கடைகளில் எளிதிற் கிடைப்பதன்று. ஆகலின் இத்தகைய பிள்ளை சேர்ந்த அன்றே, பள்ளித் தலைவர் அண்மையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரைக் கண்டு, மருந்து எங்கே இருக்கும், எவ்வளவு கொடுப்பது, யார் ஊசி போடுவது என்பவற்றை எழுத்தில் பெற்று வைத்தல் வேண்டும். அரிப்புக்குக் கொடுக்கும் மாத்திரை மூச்சுத் தடையை நீக்காது. அதனை நம்பிக் காலம் போக்குதல் தகாது. பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களைச் சிறிது உயர்த்துக. மூச்சுத் திணறின் உட்காரவைக்க. எழுந்து நடக்க விடற்க. வாந்தி எடுப்பிக்க முயலற்க. கழுவி வரட்டும் எனத் தனியே அனுப்பற்க. சற்றே தேறினும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். சில மணி கழித்து நோய் மீளவும் வருதல் உண்டு.

இவற்றிற்கெல்லாம் முற்பட்டது சேர்க்கையன்று கேட்கும் ஒரு கேள்வி. “ஒவ்வாமை உண்டா?” என்று ஏட்டுமொழியிற் கேட்டால் பல தாய்மார்க்கு விளங்காது. “எதைத் தின்றால் உடம்பு தடிக்கும்? எதைத் தின்றால் மூச்சு வாங்கும்?” என்று கேட்டல் வேண்டும். நம் தோட்டங்களில் தமிழரும் படகரும் மலையாளரும் மட்டுமின்றி, சார்க்கண்டு முதலிய வடபுலத்திலிருந்து வந்தோரும் இன்று கொழுந்து பறிக்கின்றனர். அவர்தம் மொழி அறிந்த ஒருவரை வைத்துக் கேட்டறிதலும், அடுக்களைச் சுவரில் உணவுப் பொருளின் படத்தை வரைந்து வைத்தலும் பயன் தரும்.

பந்தி வஞ்சனை கூடாது

இனி, யாம் முதன்மையாகக் கருதும் பொருளுக்கு வருவோம். காப்பு என்னும் பெயரால் அப்பிள்ளையை மூலையில் தனியே அமர்த்திவிடுதல் எளிது. ஆனால் ஒரு சாராரை வேறு பந்தியில் இருத்தி உண்பித்த கொடுமையை நம் நாடு நெடுங்காலம் கண்டது. அனைத்துப் பிள்ளைகளும் ஒரே நிரையில் அமர்ந்து உண்பது, நம் பள்ளிகள் அரிதின் முயன்று பெற்ற நன்மை. 1956இல் காமராசர் ஆட்சியில் மாநிலமெங்கும் பரவத் தொடங்கிய மதிய உணவும், 1982இல் விரிந்த சத்துணவும், 2022இல் தொடங்கிய காலையுணவும் வயிற்றை மட்டும் நிரப்பவில்லை. பக்கத்திற் பக்கத்தில் அமரவும் கற்பித்தன. அந்நன்மையை இழந்து பெறும் பாதுகாப்பு முழுமையான பாதுகாப்பாகாது. நாணத்தால் தன் நோயை மறைக்கும் பிள்ளை, தனக்கு ஆகாததையும் மறைவாக உண்ணத் துணியும்.

வழி புதிதாகத் தேட வேண்டுவதில்லை. சத்துணவில் முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கும் வழக்கம் ஏற்கெனவே உளது. அதனை யாரும் இழிவாக எண்ணுவதில்லை. ஒரே நிரை, ஒரே நேரம், ஒரே அன்பு. இலையில் மட்டும் ஒரு பொருள் வேறு. இம்முறையையே ஒவ்வாமைக்கும் விரித்துக்கொள்ளலாம். சமத்துவமாவது எல்லோர்க்கும் ஒரே பொருளை இடுதலன்று. எல்லோரும் அச்சமின்றி உண்டு எழச் செய்தலே.

உடன்பயிலும் பிள்ளைகளுக்கும் இதில் பங்குண்டு. பகுத்துண்ணலை அறமெனக் கற்பிக்கும் மொழி நம்முடையது. அவ்வறத்தோடு, “இது உனக்கு ஆகுமா?” என்று கேட்டபின் கொடுக்கும் வழக்கத்தையும் சேர்த்துக் கற்பிப்போமாக. அவ்வினாவைக் கேட்டறிந்த தோழன், விளையாட்டாக மறைத்து ஊட்டும் கொடுஞ்செயலையும் தடுப்பான். நண்பன் முகம் வீங்கக் காணின் ஆசிரியரிடம் ஓடிச்சென்று உரைப்பான்.

சேர்க்கை ஏட்டில் ஒரு கேள்வி, அடுக்களையில் ஒரு தனிக் கரண்டி, மருத்துவர் கையெழுத்திட்ட ஒரு தாள், அதனை ஆண்டுக்கொரு முறையேனும் ஆசிரியரும் சமைப்போரும் கூடிப் படித்தல்: இவை எந்தச் சிறு பள்ளிக்கும் இயல்வனவே. பிள்ளையின் உணவிற் குறைவது யாது என்று இந்தியாவிற்குக் கேட்கக் கற்பித்த இம்மலைநாடு, பிள்ளைக்கு ஆகாதது யாது என்று கேட்பதிலும் முன்னிற்குமாக.