பத்து சென்டுக்கு மூன்று சாட்சிகள்

கோட்டுகால்

அன்புள்ள மகளே,

"ஆதாரம் அலமாரியில பத்திரமா இருக்கே பெரியப்பா, பிறகு எதுக்கு ஆபீஸ் ஆபீஸா அலையணும்?" என்று போனில் கேட்டாய். நின்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்பதால் எழுதுகிறேன். கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்; தம்பிக்கும் வாசித்துக் காட்டு.

அந்தப் பத்து சென்ட் பூமி உன் அப்பாவுக்கு எப்படி வந்தது என்பதை ஆதாரம், அதாவது பதிவுப் பத்திரம், சொல்லும். இன்று அது யாருடையது, அதன் அதிர், அதாவது எல்லை, எங்கே போகிறது என்பதை அது மட்டும் சொல்லிவிடாது. நம் பக்கத்தில் ஒரு துண்டு பூமிக்கு மூன்று சாட்சிகள் உண்டு. ஒன்று, பதிவு செய்த ஆதாரம். இரண்டு, வில்லேஜ் ஆபீஸ் பதிவேடு. மூன்று, எல்லைக் கல்லும் மண்சுவர்க் கய்யாலையும் நிற்கிற மண். மூன்றும் ஒன்றுபோலப் பேசினால் நிம்மதி. ஒன்று மாற்றிப் பேசினாலும் வக்கீலுக்குத்தான் வேலை.

முதலில் ஆதாரத்தைப் பார்ப்போம். திருவிதாங்கூர் அரசு 1865-இல் ஒரு பிரகடனம் வெளியிட்டு, சர்க்கார் பாட்ட நிலம் வைத்திருந்தவர்களுக்கு அதை விற்கவும் கைமாற்றவும் உரிமை கொடுத்தது. ஆனால் அடுத்தவர் விளையில் குடிசை போட்டுக் கூலிக்குப் போனவர்களுக்கு அதனால் ஒரு பிடி மண்ணும் கிடைக்கவில்லை. முதலாளி முகம் கோணினால் சட்டிபானையோடு இறங்க வேண்டியதுதான். 1963-இல் வந்த கேரள நிலச் சீர்திருத்தச் சட்டம், 1969 திருத்தத்துக்குப் பிறகு, 1970 ஜனவரி 1 முதல் அந்த நிலையை மாற்றியது. அப்படிக் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர் என்று நிரூபித்தவர், குடிசையையும் அதைச் சுற்றிய இடத்தையும் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்: மாநகராட்சியில் 3 சென்ட், நகராட்சியில் 5, நம்மைப் போன்ற பஞ்சாயத்தில் 10. விலையும் சந்தை மதிப்பின் கால் பங்குக்கு மேல் போகாது. உன் தாத்தாவுக்கு அப்படித்தான் கிடைத்தது. அவர் அதைத் தனநிச்சய ஆதாரமாக உன் அப்பா பேருக்கு எழுதி வைத்தார். ஆகவே உன்னிடம் இருப்பது ஒரு காகிதம் அல்ல, ஒரு தொடர். அப்பாவின் ஆதாரம், தாத்தாவின் முன்னாதாரம் இரண்டையும் சேர்த்தே வை. தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று என்பதை இங்கே குடிக்கடம் என்போம். அதையும் எடுத்து, கடன் ஏதும் ஏறியிருக்கிறதா என்று பார்.

இனி பங்கு. அப்பா உயில் எழுதி வைக்காமலே போய்விட்டார். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, நீ, தம்பி, அப்பாவைப் பெற்ற பாட்டி, நான்கு பேருக்கும் சம பங்கு. ஆளுக்கு இரண்டரை சென்ட். பாட்டியை எல்லோரும் மறந்துவிடுவார்கள், சட்டம் மறக்கவில்லை. "பொண்ணுக்கு நகை போட்டுக் கொடுத்தா போதாதா?" என்று யாராவது இழுத்தால் சிரித்துவிட்டுப் போ. அப்படி ஒரு சட்டம் கிறிஸ்தவர்களுக்கு இருந்தது. 1916-இல் வந்த திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், உயில் இல்லாத சொத்தில் மகளுக்கு மகன் பங்கில் கால் அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது போதும் என்றது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் 1951-லேயே செல்லாமல் போய்விட்டது என்று தீர்த்தது. ஆனால் அந்தப் பழைய சட்டமே நம் நெய்யாற்றின்கரை முதலான தாலுகாக்களில் சில லத்தீன் கத்தோலிக்கருக்கும் சில புராட்டஸ்டன்ட் குடும்பங்களுக்கும் விலக்குக் கொடுத்திருந்தது. ஏனென்றால் அவர்களிடையே ஆணும் பெண்ணும் சமமாகப் பிரித்துக்கொள்வது முன்பே வழக்கமாக இருந்தது. பெண்ணுக்குச் சம பங்கு டெல்லியிலிருந்து வந்த புதுமை என்று யாரும் இந்தத் தாலுகாவில் சொல்ல முடியாது. ஒழிமுறியில், அதாவது பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தில், கையெழுத்துக் கேட்டால், நீ மனமறிந்து விட்டுக்கொடுப்பதாக இருந்தால் மட்டும் போடு. "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி" என்று நீட்டினால் போடாதே.

இரண்டாவது சாட்சி வில்லேஜ் ஆபீஸ். நீ நாகர்கோவிலில் படிப்பதால் பட்டா, சிட்டா என்று கேட்டுப் பழகியிருப்பாய். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழ்நாட்டுப் பக்கமும் நெய்யாற்றின்கரை கேரளப் பக்கமும் ஆனபின், ஒரே திருவிதாங்கூர் மண்ணுக்கு இரண்டு வகைக் காகிதம் வந்துவிட்டது. இங்கே உன் பெயருக்கு ஒரு தண்டப்பேர் எண் வேண்டும். அது கிடைப்பது போக்குவரவு செய்தால்தான், அதாவது பதிவேட்டில் பெயர் மாற்றினால்தான். அப்பாவின் இறப்புச் சான்று, தாலுகா ஆபீஸில் வாங்கும் வாரிசுச் சான்று, ஆதாரம், கடைசியாகக் கரம் (நிலவரி) கட்டிய ரசீது, இவை வேண்டும்.

அந்த ரசீதைக் கொஞ்சம் கையில் எடு. பரப்பளவுக் கட்டத்தில் சென்ட் இருக்காது. ஹெக்டேர், ஆர், சதுர மீட்டர் என்று பிரித்திருக்கும். நம் பத்து சென்டுக்கு 0, 04, 05 என்று இருக்க வேண்டும், ஏனென்றால் பத்து சென்ட் என்பது ஏறத்தாழ 405 சதுர மீட்டர். ரீசர்வே எண் ஆதாரத்தோடு ஒத்துப்போகிறதா பார். பிறகு 'வகை'. புரையிடம் என்றிருந்தால் வீடு கட்டலாம். 'நிலம்' என்றிருந்தால் இங்கே அது வயல். 2008-இல் வந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண் தட்டவும் முடியாது. கரத்தை ஆண்டுதோறும் கட்டு, அக்ஷயா மையத்தில் ஐந்து நிமிட வேலை. ஆனால் கரம் ரசீதை மட்டும் வைத்துக்கொண்டு உடைமை கொண்டாட முடியாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அதனால்தான் ஒரு சாட்சி போதாது என்கிறேன்.

மூன்றாவது சாட்சி மண். நம் மேற்கு அதிரில் கய்யாலை இரண்டு மழைக்காலமாகக் கரைந்து கிடக்கிறது. அந்தப் பக்கம் மரச்சீனி நடுகிறவர் வாரம் (பாத்தி) கோருகிறபோது வருஷத்துக்கு ஒரு மம்பட்டி அகலம் இந்தப் பக்கம் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அவரைக் குற்றம் சொல்லவில்லை, கல் இல்லாத இடத்தில் மனிதன் அப்படித்தான். ஆனால் ஒருவர் உன் உரிமையை மறுத்து, வெளிப்படையாக, தடையின்றி 12 ஆண்டு அனுபவித்துவிட்டால், மீட்க வழக்குப் போடும் காலமே போய்விடும். வழிப்பாதையும் அப்படியே. 20 ஆண்டு உரிமையாக நடந்த பாதையை அடைக்க முடியாது. நம் வடக்கு ஓரத்தில் ஜனங்கள் நடக்கிற பாதையை நீயும் அடைக்க நினைக்காதே. 2022 நவம்பரில் தொடங்கிய டிஜிட்டல் ரீசர்வே நம் வார்டுக்கு வரும்போது வீட்டில் யாராவது ஒருவர் நின்று அதிரைக் காட்ட வேண்டும். தவறு இருந்தால் இறுதி செய்வதற்கு முன் ஆட்சேபம் எழுதிக் கொடு. பிறகு திருத்துவது பெரும்பாடு.

கடைசியாக விலை. விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டதிலிருந்து சாயாக்கடையில் பேச்செல்லாம் சென்ட் விலைதான். விற்பதும் வைப்பதும் நீங்கள் நால்வரும் பேசி முடிவெடுப்பது. விற்றால் ஆதாரத்தில் உண்மையான விலையைக் காட்டுங்கள். 2013 நிலக் கையகப்படுத்தல் சட்டம் இழப்பீடு கணக்கிடும்போது, சுற்றுவட்டாரத்தில் முந்தைய மூன்று ஆண்டுகளில் பதிவான விலைகளையும் பார்க்கிறது. முத்திரை வரியை மிச்சம் பிடிக்க இன்று நாலு பேர் குறைத்து எழுதினால், நாளை ரோட்டுக்கோ ரயிலுக்கோ இடம் கொடுக்கும் ஐந்தாவது ஆள் அதற்கு விலை கொடுப்பார். அந்த ஐந்தாவது ஆள் நம் அண்டை வீட்டுக்காரராகத்தான் இருப்பார்.

லீவுக்கு வரும்போது முதல் நாள் வில்லேஜ் ஆபீஸுக்கு ஓடாதே. பாட்டி, அம்மா, தம்பி மூவரோடும் உட்கார்ந்து, யார் பங்கை என்ன செய்வது என்று பேசி முடியுங்கள். குடும்பத்தில் பேசித் தீராததை எந்தப் பதிவேடும் தீர்த்து வைக்காது. பேசி முடிந்தால் மறுநாளே வாரிசுச் சான்றுக்கு எழுதிக் கொடுக்கலாம். நானும் கூட வருகிறேன்.

உன் பெரியப்பா