மருந்துப் புட்டி சொல்லும் பாடம்

திருக்குறளில் 'மருந்து' என்பது 95-ஆம் அதிகாரமாகும். அதன் இறுதிக் குறளில் வள்ளுவப் பெருந்தகை மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பிரிக்கிறார். நோயாளி ஒருவர், மருத்துவர் ஒருவர், மூன்றாவது மருந்து. நான்காமவர் யார்? மருந்தைப் பிழையின்றிச் செய்து தருபவர் என்று உரையாசிரியர் பரிமேலழகர் பொருள் கூறுகிறார். முதல் மூன்றையும் நாம் நன்கு அறிவோம். நான்காமவரையோ நாம் நினைப்பதே இல்லை. அவர் கடமை தவறினால் மற்ற மூன்றும் இருந்தும் பயனில்லை என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

நம் திருவண்ணாமலையில் ரமணாசிரமம் அமைந்துள்ள செங்கம் சாலையில் மருந்துக் கடைகள் பல உண்டு. ஏழை எளியோருக்காக ஆசிரமமே இலவச மருந்தகம் ஒன்றை நடத்துகிறது. பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்து முடிப்பவர்கள் கால்வலிக்கும் தலைவலிக்கும் மாத்திரை கேட்டுக் கடைகளில் நிற்பதைக் காண்கிறோம். யாரும் மாத்திரையைச் சந்தேகிப்பதில்லை. வாங்கியவுடன் விழுங்குகிறோம். இந்த நம்பிக்கையைக் காப்பாற்ற எத்தனை பேர் உழைக்க வேண்டியிருக்கிறது என்பதை ஒரு குழந்தையின் மருந்துப் புட்டியைக் கொண்டே விளக்கலாம்.

இனிப்பு மருந்து எப்படித் தயாராகிறது?

சிறு குழந்தைகளால் மாத்திரையை விழுங்க இயலாது. ஆகவே அவர்களுக்கு மருந்தைத் திரவமாகத் தருகிறோம். ஆனால் காய்ச்சலுக்குரிய பாராசிட்டமால் போன்ற மருந்துகள் குளிர்ந்த நீரில் எளிதில் கரைவதில்லை. எனவே கிளிசரின், புரொப்பிலீன் கிளைகால் முதலிய திரவங்களைச் சேர்த்துக் கரைக்கிறார்கள். மருந்துத் தரத்தில் தயாரிக்கப்பட்ட இத்திரவங்களை உரிய அளவில் சேர்ப்பதால் தீங்கில்லை.

டையெத்திலீன் கிளைகால் என்று வேறொரு திரவம் உண்டு. அது தொழிற்சாலைகளில் பயன்படுவது. அதற்கும் நிறமில்லை, அதுவும் இனிக்கும், சற்றுக் கெட்டியாகவும் இருக்கும். கண்ணாலும் நாவாலும் வேறுபாடு காண முடியாது. ஆனால் அது கொடிய நஞ்சு. உடலுக்குள் சென்றதும் வேறு அமிலமாக மாறிச் சிறுநீரகங்களைக் கெடுத்துவிடும். முதலில் வாந்தியும் வயிற்றுவலியும் வரும். பிறகு சிறுநீர் குறைந்து, நின்றே போகும். மருந்துக்கு வாங்கிய பீப்பாயில் இந்நஞ்சு கலந்துள்ளதா என்பதை ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றே காட்டும்.

வரலாறு தரும் எச்சரிக்கை

1937-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு என்ற மருந்தை இத்திரவத்தில் கரைத்து விற்றனர். மணமும் சுவையும் தோற்றமும் நன்றாக இருக்கின்றனவா என்று பார்த்தவர்கள், அது நஞ்சா என்று பார்க்கவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆய்வாளர்கள் விற்பனைக் கணக்குகளைப் பார்த்து, ஊர் ஊராக அலைந்து, எஞ்சிய புட்டிகளைத் தேடிப் பிடித்தார்கள். மருந்தை விற்குமுன் அதன் பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்ற சட்டம் மறு ஆண்டே அங்கு பிறந்தது.

நம் நாட்டிலும் இத்துயரம் நேர்ந்தது. 1972-இல் சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதே நஞ்சு கலந்த மருந்தால் உயிரிழந்தனர். 1986-இல் மும்பை மருத்துவமனை ஒன்றில் கிளிசரின் என்று கொடுக்கப்பட்ட திரவத்தில் இந்நஞ்சு இருந்ததால் 14 நோயாளிகள் இறந்தார்கள். அதனை ஆராய நீதிபதி லெண்டின் தலைமையில் விசாரணைக் குழு அமைக்கப்பட்டது.

இவையெல்லாம் பழங்கதை என்று எண்ணலாகாது. 2025-ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் 'கோல்ட்ரிஃப்' என்னும் இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். இருபதுக்கும் மேற்பட்ட வீடுகளில் தொட்டில் வெறுமையாயிற்று. அம்மருந்து தயாரான இடம் நமக்கு அருகிலுள்ள காஞ்சிபுரம் மாவட்டம் என்பதை நாம் வேதனையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். அக்டோபர் முதல் வாரத்தில் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 'எஸ்ஆர்-13' என்ற தொகுதியைச் சோதித்தபோது, அதில் 48.6 விழுக்காடு டையெத்திலீன் கிளைகால் இருந்தது. அனுமதிக்கப்படும் அளவோ வெறும் 0.1 விழுக்காடு! விற்பனை தடை செய்யப்பட்டது. நிறுவனத்தின் உரிமமும் ரத்தாயிற்று. ஆனால் போன உயிர்கள் திரும்பவில்லை.

சட்டம் இல்லையா?

உண்டு. போலி மருந்துகளைப் பற்றி ஆராய 1930-இல் சோப்ரா குழு அமைக்கப்பட்டது. அதன் பயனாக 1940-இல் மருந்துச் சட்டமும், 1945-இல் அதன் விதிகளும் வந்தன. மருந்து செய்யவும் விற்கவும் உரிமம் வேண்டும். மூலப்பொருளையும் முடிந்த மருந்தையும் சோதித்த பின்னரே விற்பனைக்கு அனுப்ப வேண்டும். 1948-இல் வந்த மருந்தாளுநர் சட்டத்தின்படி, பதிவு பெற்ற மருந்தாளுநரே மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்கலாம்.

அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தருவதற்காக 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. வந்து சேரும் தொகுதிகளிலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயர் தெரியாதபடி குறியீட்டு எண் இட்டு, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் முறையை அது கொண்டுவந்தது. யாருடைய மருந்து என்று சோதிப்பவருக்குத் தெரியாததால் அங்கே தயவு தாட்சணியத்துக்கு இடமில்லை.

ஆக, சட்டம் இருக்கிறது. சோதிக்கும் வழியும் தெரிந்திருக்கிறது. மேற்கண்ட சாவுகளுக்குக் காரணம் அறிவின்மை அன்று. எவரோ ஒருவர் ஒரு பீப்பாயைச் சோதிக்காமல் விட்டார். வேறொருவர் பார்க்க வேண்டிய நாளில் பார்க்காமல் இருந்தார். சிறிய கடமைதானே என்று விடப்பட்டதுதான் பெரிய சாவுகளாக முடிந்தது.

நாம் செய்யத் தக்கவை

புட்டி நம் வீட்டுக்கு வந்த பிறகு நமக்கும் பொறுப்பு உண்டு.

1. மருத்துவரைக் கேட்காமல் சிறு குழந்தைக்கு இருமல் மருந்து கொடுக்கலாகாது. சாதாரணச் சளியும் இருமலும் பெரும்பாலும் தாமே குணமாகும்.

2. உரிமம் பெற்ற கடையில் ரசீதுடன் வாங்க வேண்டும். தொகுதி எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி ஆகியவற்றைப் படிக்க வேண்டும். கெட்ட மருந்தைத் திரும்பப் பெறத் தொகுதி எண்ணே வழிகாட்டி.

3. சிவப்புக் கோடு இட்ட மாத்திரை அட்டைகளை மருத்துவரின் சீட்டின்றி வாங்கக் கூடாது.

4. திரவ மருந்தைச் சமையலறைக் கரண்டியால் அளக்காமல், புட்டியுடன் வரும் அளவு மூடியால் அளக்க வேண்டும். அண்ணனுக்கு எழுதித் தந்ததைத் தம்பிக்குக் கொடுக்கலாகாது.

5. மருந்து குடித்த குழந்தை ஓயாமல் வாந்தி எடுத்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். புட்டியை எறிந்துவிடாமல் கையோடு எடுத்துச் செல்வது அவசியம்.

மாணவியரே! நம் வீடுகளில் பாட்டிக்குக் கண் மங்கியிருக்கலாம்; அம்மாவுக்கு ஆங்கில எழுத்து புரியாமல் இருக்கலாம். அந்தப் பொடி எழுத்துகளைப் படித்துச் சொல்ல நம்மால் முடியும். பள்ளியில் கற்ற கல்விக்கு இதைவிட நல்ல பயன் வேறு ஏது? நாளை நம்முள் சிலர் மருந்தாளுநராகவும், ஆய்வுக்கூடத்தில் சோதிப்பவராகவும், மருந்து ஆய்வாளராகவும் ஆகலாம். அவர்களை நோயாளிகள் ஒருநாளும் காணப்போவதில்லை. நன்றி சொல்லப்போவதும் இல்லை. ஆயினும் ஒவ்வொரு புட்டியிலும் ஓர் உயிர் அவர்களை நம்பியிருக்கும்.

நம் திருவிவிலியத்தில் சீராக்கின் ஞானநூல் 38-ஆம் அதிகாரம், மண்ணிலிருந்து மருந்துகளைப் படைத்தவர் ஆண்டவரே என்கிறது. அவற்றைக் கலந்து மருந்தாக்குபவரின் பணியையும் அங்கேயே நினைவுகூர்கிறது. இறைவன் தந்த மருந்தை நஞ்சு கலவாமல் பிறர் கையில் சேர்ப்பதும் இறைப்பணியே ஆகும்.