சுழல் கீறல் விழுந்த காருக்கு எந்தக் கொம்பவுண்ட்?

பாவித்த வாகனங்களை வாங்கி விற்பவர்களும் சேர்விஸ் நிலையம் நடத்துபவர்களும் அடிக்கடி எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு. "எஞ்சின் நல்லது, உள்பக்கமும் சுத்தம். ஆனால் வெயிலில் நிறுத்தினால் பெயின்ட் முழுவதும் சிலந்தி வலை போலத் தெரிகிறது. எந்தக் கொம்பவுண்டைப் போட வேண்டும்?" என்பதே அக்கேள்வி.

எமது நாட்டில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட சுமார் ஐந்து ஆண்டுகளில் இருந்த வாகனங்களே மீண்டும் மீண்டும் கைமாறின. ஆகவே பராமரிப்பின்றி விடப்பட்ட பெயின்டுடன் ஓடும் வாகனங்கள் இன்று ஏராளம். அவற்றைச் சரியாக மினுக்கத் தெரிந்தவருக்கு நல்ல வருமானம் உண்டு. தெரியாமல் கை வைத்தவருக்கோ ஒரு கதவையோ பொனட்டையோ சொந்தச் செலவில் மீள்பெயின்ட் அடித்துக் கொடுக்கும் நிலை வரும்.

கீறல் எங்கே இருக்கிறது?

இன்றைய வாகனங்களில் பெரும்பாலானவற்றின் நிறப் பெயின்டுக்கு மேல் கிளியர் கோட் எனப்படும் நிறமற்ற படை ஒன்று உண்டு. உலர்ந்த துணியால் தூசு துடைப்பதாலும், மண் ஒட்டிய ஸ்பொஞ்சினால் கழுவுவதாலும் இப்படையில் நுண்ணிய கீறல்கள் விழுகின்றன. இவை உண்மையில் வட்டமானவை அல்ல, எல்லாத் திசையிலும் ஓடுபவை. ஒளி படும் புள்ளியைச் சுற்றிக் குறுக்காக இருக்கும் கீறல்கள் மட்டும் மின்னுவதால் எமது கண்ணுக்கு அவை வட்டமாகத் தெரிகின்றன.

கொம்பவுண்ட் இக்கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள படையைத் தேய்த்து இறக்கிச் சமப்படுத்துகிறது. எனவே ஒவ்வொரு முறையும் பெயின்டில் ஒரு பகுதி குறைகிறது. கம்பனிப் பெயின்டின் மொத்தத் தடிப்பு பொதுவாக 100 முதல் 150 மைக்ரோன் வரை இருக்கும். அதில் கிளியர் கோட் ஏறக்குறைய 40 மைக்ரோன், அதாவது ஒரு தலைமுடியின் தடிப்பை விடவும் குறைவு. கனமான கொம்பவுண்ட் வேலை ஒன்று இரண்டு மூன்று மைக்ரோனை எடுத்துவிடக் கூடும். கிளியர் கோட் மெலிந்துவிட்டால் வெயிலைத் தாங்கும் சக்தியும் குறைந்து, சில காலத்தில் உரியத் தொடங்கும்.

கொம்பவுண்ட் வாங்க முன்

பின்வரும் நான்கையும் முதலில் சோதித்துக் கொள்ளுங்கள்.

1. வெள்ளைத் துணியில் சிறிதளவு பொலிஷ் எடுத்து மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் வாகனத்தின் நிறம் ஏறினால் கிளியர் கோட் இல்லை என்று பொருள். பழைய வாகனங்களிலும், கராஜில் மீள்பெயின்ட் அடித்தவற்றிலும் இது சாதாரணம். நிறம் ஏறுவது பழுதல்ல. ஆனால் தேய்வது நிறப்படையே என்பதை நினைவில் வைத்து வேலை செய்ய வேண்டும்.

2. கீறலின் குறுக்கே நகத்தை மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் சிக்கினால் அது கொம்பவுண்டுக்குரிய கீறல் அல்ல. அதை முழுமையாகப் போக்க முயன்றால் பெயின்ட் போய்விடும்.

3. வெள்ளையாகப் பூத்து உரிந்திருக்கும் கிளியர் கோட்டை எந்தக் கொம்பவுண்டும் மீட்காது. அந்தப் பகுதிக்கு மீள்பெயின்ட் ஒன்றே வழி. இதனை வாடிக்கையாளரிடம் வேலைக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும்.

4. பெயின்ட் தடிப்பை அளக்கும் கருவி ஒன்றை வைத்திருப்பது நல்லது. மற்றைய பகுதிகளில் 110 காட்டும் கருவி ஒரு கதவில் 70 காட்டினால், முன்னர் எவரோ அதனை நன்றாகத் தேய்த்திருக்கலாம். 250, 300 என்று காட்டினால் மீள்பெயின்டோ பட்டியோ இருக்கிறது. பிளாஸ்டிக் பம்பர்களில் சாதாரணக் கருவி அளக்காது.

மூன்று தரங்கள்

சந்தையில் பல பெயர்களில் கிடைத்தாலும் இவற்றை மூன்று தரங்களாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கனமாக வெட்டும் கொம்பவுண்ட். மெகுயார்ஸ் எம் 105, மென்ஸர்னா 400 போன்றவை இந்த வகை. வேகமாக வெட்டும். ஆயினும் பின்னால் மங்கலான படலத்தை விட்டுச் செல்லக் கூடும். ஆகவே இதற்குப் பின் இன்னொரு நுண்ணிய பொலிஷ் தேவைப்படலாம்.

இரண்டாவது, நடுத்தரப் பொலிஷ். சாதாரண சுழல் கீறலை நீக்கி ஓரளவு மினுக்கத்தையும் ஒரே தடவையில் தரும். விற்பனைக்குரிய வாகனங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே போதுமானது.

மூன்றாவது, முடிவுப் பொலிஷ். மெகுயார்ஸ் எம் 205, மென்ஸர்னா 3800 போன்றவை. மெல்லிய மங்கலை நீக்கி ஆழ்ந்த பளபளப்பைத் தரும். கறுப்பு, கருநீல வாகனங்களுக்கு இப்படி முடிக்காவிட்டால் வெயிலில் வேலையின் குறை தெரிந்துவிடும்.

போத்தலில் உள்ள இலக்கத்தைப் பார்த்து ஏமாந்து விடக் கூடாது. மென்ஸர்னாவில் இலக்கம் கூடும்போது பொலிஷ் நுண்மையாகிறது. எனினும் அந்த 400க்கும் 400 இலக்க அரத்தாளுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு கம்பனியின் இலக்கத்தை மற்றக் கம்பனியின் இலக்கத்தோடு ஒப்பிடவும் முடியாது.

பேட் பாதி, கொம்பவுண்ட் பாதி

ஒரே கொம்பவுண்ட் கம்பளிப் பேட்டில் கடுமையாக வெட்டும். மைக்ரோஃபைபர் பேட்டில் சற்றுக் குறைவாகவும், கடினமான ஸ்பொஞ் பேட்டில் இன்னும் குறைவாகவும், மென்மையான ஸ்பொஞ் பேட்டில் மிகக் குறைவாகவும் வெட்டும். ஆகவே வெட்டு போதாது என்று உடனே கனமான கொம்பவுண்டை வாங்க ஓட வேண்டியதில்லை. முதலில் பேட்டை மாற்றிப் பாருங்கள். நல்ல நடுத்தரப் பொலிஷ் ஒன்றும் மூன்று வகைப் பேட்டும் வைத்திருப்பவர், ஐந்து போத்தல் கொம்பவுண்டும் ஒரே பேட்டும் வைத்திருப்பவரை விடச் சிறப்பாக வேலை செய்வார்.

மெஷினைப் பொறுத்தவரை, ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி வேகமாக வெட்டும். பயிற்சியில்லாத கையில் அது பெயின்டைச் சூடாக்கி எரித்துவிடும், வெயிலில் அலை அலையாகத் தெரியும் புதுத் தடங்களையும் உண்டாக்கும். சுழன்றபடியே அதிரும் இரட்டை இயக்க மெஷின் மெதுவானது, ஆனால் பாதுகாப்பானது. புதிய பையன்களை வேலைக்கு வைப்பவர்கள் இந்த மெஷினிலேயே பழக்குவது நல்லது.

சிறிய இடத்தில் சோதனை

வாகனத்தை நன்கு கழுவி, ஒட்டியுள்ள தாரையும் துகளையும் களிமண் கட்டியால் எடுத்த பின், நிழலில் நிறுத்துங்கள். தகடு கைக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பொனட்டில் இரண்டு அடிச் சதுரம் ஒன்றைத் தெரிவுசெய்து, மென்மையான பேட்டிலும் முடிவுப் பொலிஷிலும் தொடங்குங்கள். பட்டாணி அளவில் நான்கைந்து துளி போதும். நெடுக்கும் குறுக்குமாக நான்கு முதல் ஆறு தடவை மெதுவாக ஓட்டித் துடைத்துப் பாருங்கள். கீறல் எஞ்சியிருந்தால் கடினமான பேட், அதுவும் போதாவிட்டால் நடுத்தரப் பொலிஷ், கடைசியாகவே கனமான கொம்பவுண்ட். வெட்டிய பெயின்டைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால்தான் இந்த ஒழுங்கு.

சதுரத்தில் கிடைத்த முடிவை அப்படியே முழு வாகனத்துக்கும் பயன்படுத்தலாம். ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் பேட்டைத் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். கதவு விளிம்பு, பொனட்டின் மடிப்பு ஆகிய இடங்களில் பெயின்ட் மெலிந்திருக்கும். அவற்றை டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள்.

போனதா, மறைந்ததா?

மலிவான பொலிஷ்கள் பலவற்றில் எண்ணெயும் மெழுகும் சேர்ந்திருக்கும். அவை கீறலை நிரப்பி மறைத்துவிடும். கடையில் நிற்கும்போது வாகனம் கண்ணாடி போல இருக்கும். சில தடவை கழுவியதும் கீறல் அத்தனையும் திரும்பி வரும். வாங்கியவர் திரும்பி வருவாரோ இல்லையோ, உங்கள் பெயரைப் பத்துப் பேரிடம் சொல்லுவார். சிறிய ஊரில் வியாபாரம் செய்பவருக்கு அது பெரிய நட்டம்.

இதைச் சோதிப்பது இலகு. ஐசோப்ரொபைல் அல்கஹோல் ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர் கலந்து, பொலிஷ் செய்த இடத்தில் தெளித்து மென்துணியால் துடையுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த இடத்தில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பின்னர் மின்சூளால் பார்த்தால் உண்மை தெரியும். வாகனத்தை வாங்கும்போதும் இச்சோதனை உதவும்.

கணக்கும் பேச்சும்

ஒரு வாகனத்துக்குச் செலவாகும் பொலிஷை, வேலைக்கு முன்னும் பின்னும் போத்தலை நிறுத்துக் குறித்து வையுங்கள். அதனோடு பேட்டின் தேய்மானத்தையும் வேலை மணித்தியாலத்தையும் சேர்த்தே விலை சொல்லுங்கள். ஒரே கட்டப் பொலிஷுக்கு அரை நாள், இரண்டு கட்டத்துக்கு முழு நாள் என்று எண்ணிக் கொள்ளலாம். கனமான கொம்பவுண்ட் எடுத்தால் இரண்டாம் கட்டமும் சேரும் என்பதால், போத்தல் மலிவாக இருந்தாலும் வேலை மலிவாகாது.

எல்லாக் கீறலையும் நீக்கித் தருவதாக வாக்களிக்க வேண்டாம். பத்தில் எட்டுப் பங்கு போய், பெயின்டும் பத்திரமாக இருப்பதே பழைய வாகனத்துக்கு நல்ல வேலை. முடிவில் மெழுகோ சீலன்டோ பூசி, தூசுடன் உலரத் துடைக்கக் கூடாது என்பதையும், கழுவுவதற்கு ஒரு வாளி, துணியை அலசுவதற்கு இன்னொரு வாளி வைக்க வேண்டும் என்பதையும் வாகனச் சொந்தக்காரரிடம் சொல்லி அனுப்புங்கள். அவர் அதைக் கடைப்பிடித்தால் அடுத்த முறை முடிவுப் பொலிஷ் மட்டுமே தேவைப்படும். உங்களுக்கு வேலை இலகு, அவருக்குச் செலவு குறைவு.