தையல் போட்டாச்சு, அப்புறம்?

பழவேற்காடு ஏரியில 'பாடு'ன்னு ஒரு முறை உண்டு. எந்த நாள், எந்த இடத்துல, யார் வலை போடணும்னு மீனவர்கள் தங்களுக்குள் முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் பழைய ஏற்பாடு. கோட்டைக்குப்பம் அந்த உரிமை உள்ள ஊர்களில் ஒன்று.

முறையில தகராறு வந்து, 19 வயசுப் பையன் ஒருத்தனுக்கு மண்டை உடைஞ்சுதுன்னு வையுங்க. 108 வரும். பொன்னேரி ஜி.எச்., தேவைப்பட்டால் ஸ்டான்லி. தையல் போடுவாங்க, ஏ.ஆர். என்ட்ரி எழுதுவாங்க, போலீசுக்குத் தகவல் போகும். "யாருடா அடிச்சது?" "படகுல வழுக்கி விழுந்துட்டேன் சார்." வெளியே கூட்டாளிகள் பதிலடி பத்திப் பேசிட்டிருப்பாங்க.

அந்தப் படுக்கை பக்கத்துல போலீசும் இல்லாத, டாக்டரும் இல்லாத ஒரு ஆள் உட்காரணும். இதுதான் மருத்துவமனை இளைஞர் பணி.

அமெரிக்காவின் ஓக்லாந்தில் ஷெர்மன் ஸ்பியர்ஸ் 1989-இல் சுடப்பட்டு சக்கர நாற்காலிக்குப் போனவர். 1994-இல் ஹைலேண்ட் மருத்துவமனையில் காயம்பட்ட பசங்களைப் போய்ப் பார்க்க ஆரம்பித்தார். அதே மாதிரிப் படுக்கையில் கிடந்தவர் என்பதால் பசங்க பேசினாங்க. லண்டன் கிங்ஸ் காலேஜ் மருத்துவமனையில் 'ரெட்திரெட்' அமைப்பு 2006-இல் இதைத் தொடங்கியது.

முதல் பேச்சு கேஸைப் பத்தி இருக்காது. போன்ல சார்ஜ் இருக்கா, அம்மாவுக்குத் தெரியுமா, டிஸ்சார்ஜ் ஆனா எங்க போவ? எதை ரகசியமா வெச்சுக்க முடியும், எதைச் சொல்லியே ஆகணும் என்பதையும் ஆரம்பத்திலேயே சொல்லிடணும். நம்பிக்கை அதுலதான் நிக்குது. பிறகு மாதக்கணக்கில் படிப்பு, வேலை, கோர்ட்டு.

பலன் இருக்கா? பால்டிமோரில், ஏற்கெனவே திரும்பத் திரும்ப அடிபட்டு வந்தவர்களிடம் நடந்த ஆய்வு 2006-இல் வெளியானது. இந்த உதவி கிடைக்காதவர்களில் 36% பேர் மறுபடியும் வன்முறைக் காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தார்கள், கிடைத்தவர்களில் 5%. சின்ன ஆய்வுதான், சாம்பிள் சைஸ் பார்க்கிற நம்ம ஆளுங்க முகம் சுளிக்கலாம். ஆனா வித்தியாசம் சின்னதில்லை.

இந்தியாவுக்கு இது முழுக்கப் புதுசும் இல்லை. மும்பை பாந்த்ராவின் பாபா மருத்துவமனையில், மாநகராட்சியும் 'செஹாட்' அமைப்பும் சேர்ந்து 2000-இல் 'திலாசா' மையத்தைத் தொடங்கின. அது வீட்டில் அடிபடும் பெண்களுக்கானது. "தவறி விழுந்துட்டேன்"னு சொல்ற பெண்ணின் காயத்தைப் பார்த்து சந்தேகப்பட, தனியா உட்கார வெச்சுக் கேட்க, மருத்துவமனை ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்தாங்க. பொன்னேரியில பையன் சொல்ற "வழுக்கி விழுந்துட்டேன்" மட்டும் வேற என்ன?

கஷ்டம் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான். பாடுன்னா என்னன்னு தெரிஞ்ச ஏரிக்கரை ஆளா இருக்கணும்; ஆனா ரெண்டு தரப்புக்கும் சொந்தக்காரரா இருக்கக் கூடாது. ராத்திரி ரெண்டு மணிக்கும் வார்டுல இருக்கணும், ஏன்னா மண்டை உடையறது ஆபீஸ் நேரம் பார்த்து இல்ல.