குளிரில் தயங்கும் எஞ்சின்

லே, சிம்லா போன்ற இடங்களில் வாடகை வண்டி ஓட்டும் வாடிக்கையாளருக்கு, குளிர்காலக் காலையில் எஞ்சின் கிளம்பாவிட்டால் அன்றைய வருமானம் இல்லை. கடன் தவணையோ காத்திருக்காது. அந்தப் பதற்றத்தில் உடனே புதிய பேட்டரி வாங்கிவிடுவோர் உண்டு. அதற்கு முன் ஒலியைக் கவனிக்குமாறு நாம் கேட்டுக்கொள்கிறோம்.

ஸ்டார்ட்டர் மந்தமாகச் சுழன்றால் பேட்டரியை ஐயுறலாம். மைனஸ் 18 டிகிரியில் அதன் திறன் ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஆயினும், முனைகளில் படிந்த வெண்பொடியைத் துடைத்து, இணைப்பை இறுக்கினாலே சில வண்டிகள் கிளம்பிவிடும். குளிரில் கெட்டியாகும் ஆயிலும் சுழற்சியைத் தடுக்கும்.

வேகமாகச் சுழன்றும் எஞ்சின் பற்றவில்லையெனில் பேட்டரி மீது பழியில்லை. டீசல் வண்டியில் குளோ பிளக்கையும், டீசலிலுள்ள மெழுகு உறைந்து அடைத்த ஃபில்டரையும் பார்க்க வேண்டும். 2019இல் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்கிற்கென அறிமுகப்படுத்திய குளிர்கால டீசல், மைனஸ் 33 டிகிரி வரை இளகி ஓடக்கூடியது.

கிளம்பியபின் நடுங்கி அணையும் பெட்ரோல் வண்டியில், முதலில் கரி படிந்த த்ராட்டில் பாடியைத் தூய்மை செய்யலாம். அடுத்தது, கூலன்ட்டின் வெப்பத்தை அளக்கும் சென்சார். அது பழுதானால், எஞ்சின் ஏற்கெனவே சூடாகிவிட்டதென்று வண்டியின் கணினி கருதி, எரிபொருளைக் குறைத்துவிடும். இந்தச் சென்சாரின் விலை, பேட்டரி விலையில் சிறு பங்கே.