நியான் பல்பும் நெஞ்சுத் துடிப்பும்

கேள்வி: டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டெக்னீஷியனாக முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இளம் வயதில் வால்வு ரேடியோ ரிப்பேரும் செய்திருக்கிறேன். போன வருடம் எனக்குப் பேஸ்மேக்கர் வைத்தார்கள். இன்ஜினீயரிங் படிக்கும் என் பேத்தியின் புத்தகத்தைச் சும்மா புரட்டியபோது, வால்வு ஆசிலேட்டருக்கான ஒரு சமன்பாடு கண்ணில் பட்டது. கீழே, 'இதயத் துடிப்பையும் இது விவரிக்கும்' என்று ஒரு வரி. வால்வும் சதையும் ஒரே கணக்கில் எப்படி அடங்கும்? வரைபடம் பார்க்க ஒன்றுபோல இருக்கிறது என்பதற்காகக் கணக்குக்காரர்கள் இதயத்தையும் இழுத்துப் போட்டுக்கொண்டார்களா? இதனால் என்னைப் போன்றவனுக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?

— ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இத்தனை வருடம் உங்கள் சட்டைப்பையில் இருந்த டெஸ்டரிலிருந்தே ஆரம்பிக்கலாம். அதற்குள் செம்மஞ்சளாக எரியும் அந்தச் சின்ன நியான் பல்பு போதும்.

அந்தப் பல்பின் குறுக்கே ஒரு கண்டென்சரைப் போட்டு, பெரிய ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக டிசி கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். கண்டென்சர் மெல்ல மெல்ல நிரம்பும். அதுவரை பல்பு இருட்டாகவே இருக்கும். மின்னழுத்தம் ஓர் எல்லையைத் தொட்டதும் உள்ளே இருக்கும் வாயு மின்சாரத்தைக் கடத்த ஆரம்பித்து, பல்பு பளிச்சென்று எரியும். அந்த நொடியில் கண்டென்சர் காலியாகும், பல்பு அணையும், மறுபடி நிரம்பத் தொடங்கும். நீங்கள் கொடுத்ததோ ஏற்ற இறக்கமே இல்லாத டிசி. அதில் தாளம் கிடையாது. தாளத்தைப் போட்டது சர்க்யூட்.

இனி இதயத்துக்கு வருவோம். வலது மேலறையின் சுவரில் சைனஸ் கணு என்று ஒரு சிறு திசு இருக்கிறது. அங்குள்ள செல்லின் உள்பக்கம், வெளிப்பக்கத்தைவிடச் சுமார் 60 மில்லிவோல்ட் தாழ்ந்து கிடக்கும். ஆனால் அது அப்படியே கிடப்பதில்லை. அயனிகள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசிகின்றன, மின்னழுத்தம் ஏறுகிறது. தாழ்வு சுமார் 40 மில்லிவோல்ட்டாகக் குறைந்ததும் கால்சியத்துக்கான வாசல்கள் படபடவென்று திறக்கின்றன. அதுதான் துடிப்புக்கான உத்தரவு. பிறகு பொட்டாசியம் வெளியேறுகிறது, மின்னழுத்தம் பழைய இடத்துக்கு இறங்குகிறது, கசிவு மறுபடி தொடங்குகிறது. மெல்ல நிரம்புதல், எல்லையைத் தொடுதல், சட்டென்று கொட்டுதல் என்று இரண்டு இடத்திலும் நடப்பது ஒரே வேலை. சமன்பாடு பேசுவது இந்த வேலையைப் பற்றி. பொருள் கண்ணாடியா சதையா என்று அது கேட்பதில்லை.

இதை முதலில் கண்டுகொண்டவர் பால்தசார் வான் டெர் போல். ஐந்தோவனில் இருந்த பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த டச்சுக்காரர். 1926-ல் இந்த வகை அசைவுக்குத் 'தளர்வு அலைவு' என்ற பொருள் வரும்படி பெயர் வைத்தார். 1928-ல் வான் டெர் மார்க் என்ற சக ஆய்வாளருடன் சேர்ந்து இதயத்துக்கே ஒரு மின்மாதிரி செய்தார். சைனஸ் கணு, மேலறை, கீழறை மூன்றுக்கும் ஆளுக்கொரு நியான் சர்க்யூட். மேலிருந்து கீழே போகும் இணைப்பைப் பலவீனமாக்கினால், மேலறை இரண்டு முறை துடிக்கையில் கீழறை ஒரு முறை துடித்தது. மருத்துவர்கள் 'ஹார்ட் பிளாக்' என்று சொல்வது இதைத்தான். உங்களுக்கு எதற்காகப் பேஸ்மேக்கர் வைத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் பலருக்கு அது வைக்கப்படுவதற்கு இந்தக் கோளாறு ஒரு காரணம். நோயைப் பலகையில் பூட்டிய பல்புகளில் வரவழைத்துக் காட்டியது, எனக்குத் தெரிந்தவரை, இயற்பியலின் அழகான குறும்புகளில் ஒன்று.

பேத்தியின் புத்தகத்தில் 'நேரியலற்ற' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்திருக்கும். அது பயமுறுத்தும் சொல்லே தவிர, விஷயம் எளிது. வீணைத் தந்தியை மீட்டுங்கள். பலமாக மீட்டினால் பெரிய அதிர்வு, மெதுவாக மீட்டினால் சிறிய அதிர்வு. இரண்டும் சற்று நேரத்தில் அடங்கிவிடும். கொடுத்ததற்கு ஏற்ற பலன், அது ஏறக்குறைய நேரியல். வயலின் அப்படி இல்லை. வில் ஒரே சீராகத்தான் இழுக்கப்படுகிறது. தந்தியோ வில்லோடு ஒட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போகிறது, இழுவிசை தாங்காமல் வழுக்கித் திரும்புகிறது, மறுபடி ஒட்டிக்கொள்கிறது. இழுக்கும் வரை நாதம் நிற்பதில்லை. வான் டெர் போல் எழுதிய, புத்தகத்தில் நீங்கள் பார்த்த அந்தச் சமன்பாட்டில் இந்த வித்தையைச் செய்வது ஒரே ஓர் உறுப்பு. அலைவு சிறியதாக இருக்கும்போது அது எதிர்மறை உராய்வு போல ஆற்றலை ஊட்டும், அலைவு அளவு மீறினால் அதுவே பிரேக் போடும். ஊட்டுவதும் பிடுங்குவதும் சரிக்குச் சரியாகும் இடத்தில் அலைவு நிலைக்கும். எங்கிருந்து தொடங்கினாலும் அங்கேதான் வந்து சேரும். நேரியல் அமைப்பு எதனாலும் இதைச் செய்ய முடியாது.

நீங்கள் டெலிபோன்காரர் என்பதால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1927-ல் அதே இருவரும் ஒரு நியான் சர்க்யூட்டுக்கு வெளியிலிருந்து வேறொரு தாளத்தைக் கொடுத்து, டெலிபோன் ரிசீவரைக் காதில் வைத்துக் கேட்டார்கள். கண்டென்சரைக் கூட்டிக்கொண்டே போனபோது சர்க்யூட்டின் தாளம் சீராகக் குறையவில்லை. வெளித்தாளத்தில் பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று படிப்படியாகத் தாவி இறங்கியது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவில், ரிசீவரில் ஒழுங்கில்லாத ஓர் இரைச்சல். முக்கியமில்லாத பக்க விளைவு என்று எழுதிவிட்டு மேலே போய்விட்டார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு 'கேயாஸ்' என்று பெயர் பெற்ற ஒழுங்கின்மை, அன்று அந்த ரிசீவரில் இரைந்திருக்கிறது. 1981-ல் மாண்ட்ரியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் குவேரா, கிளாஸ், ஷ்ரியர் மூவரும் கோழிக்கரு இதய செல்களுக்குச் சீரான மின்தூண்டல் கொடுத்துப் பார்த்தார்கள். தாளம் பூட்டிக்கொள்வதும், இரட்டிப்பதும், தறிகெட்டுப் போவதும் அங்கேயும் வந்தன.

இதையெல்லாம் வைத்து, 'இதயம் ஒரு சர்க்யூட்தான்' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வான் டெர் போலின் மாதிரியில் சோடியமும் இல்லை, பொட்டாசியமும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்க வழி காட்டியவர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும். கணவாயின் தடித்த நரம்பிழையில் அயனிகளின் போக்குவரத்தை அளந்து, 1952-ல் நான்கு மாறிகள் கொண்ட சமன்பாடுகளை எழுதினார்கள். அவர்கள் இருந்த கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி அப்போது கைக்குக் கிடைக்காததால், ஹக்ஸ்லி கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரத்திலேயே விடை கண்டார். 1963-ல் இருவருக்கும் நோபல் பரிசு. டெனிஸ் நோபிள் என்ற இளைஞர் அந்தச் சமன்பாடுகளை இதயத்துக்கு ஏற்ப மாற்றி, லண்டன் பல்கலைக்கழகக் கணினியில் நள்ளிரவுக்கு மேல் கிடைத்த நேரத்தில் ஓட்டி, 1962-ல் விரிவாக வெளியிட்டார். இவர் பெயருக்கும் அந்தப் பரிசுக்கும் சம்பந்தமில்லை. ஏறத்தாழ அதே சமயம் ஃபிட்ஸ்ஹியூ என்ற அமெரிக்கர் நரம்புக்கான நான்கு மாறிகளையும் இரண்டாகச் சுருக்கிப் பார்த்தார். மிஞ்சியது கிட்டத்தட்ட வான் டெர் போலின் சமன்பாடு. இழுத்துப் போட்டுக்கொண்டார்களா என்று கேட்டீர்களே, அதற்கு இதைவிடத் தெளிவான பதில் என்னிடம் இல்லை.

இந்த மாதிரிகள் கைவிடும் இடமும் உண்டு. கீழறை கண்டபடி அதிரும் ஃபிப்ரிலேஷனில் மின் அலை தசைப்பரப்பில் சுழல் சுழலாக ஓடுகிறது. ஒற்றைப் பல்புக் கணக்கு அங்கே செல்லாது. தசையின் ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

பிரயோஜனம் என்று கேட்டீர்கள். நியான் சர்க்யூட்டில் ரெசிஸ்டரைப் பெரிதாக்கினால் பல்பு நிதானமாக மினுக்கும். ஐவாபிரடின் என்ற மாத்திரை கேள்விப்பட்டிருக்கலாம், ஐரோப்பாவில் 2005-ல் அனுமதி பெற்றது. சைனஸ் கணுவில் உள்ளே கசியும் மின்னோட்டங்களில் ஒன்றை அது அடைக்கிறது. நிரம்ப நேரமாகிறது, துடிப்பு குறைகிறது. வான் டெர் போலைப் படித்து யாரும் அந்த மருந்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அது ஏன் வேலை செய்கிறது என்று ரேடியோ மெக்கானிக்கான உங்களுக்கு ஒரே வரியில் புரிந்துவிட்டது, இல்லையா?

உங்கள் பேஸ்மேக்கரின் பேட்டரி பல வருடம் தாக்குப்பிடிப்பதற்கும் காரணம் இங்கேதான் இருக்கிறது. இதயத்தை அசைக்கும் ஆற்றலை அது கொடுப்பதில்லை. ஒரு தூண்டலுக்குச் சில மைக்ரோஜூல் போதும். எல்லையைத் தாண்ட வைக்க ஒரு சின்னத் தள்ளு, அவ்வளவுதான். தாண்டியபின் முழுத் துடிப்பையும் தசை தன் சொந்தச் செலவில் செய்துகொள்கிறது. இதயம் தானாகத் துடித்தால் பெரும்பாலான கருவிகள் அதைக் கவனித்து, அந்தத் தள்ளையும் நிறுத்திக்கொள்ளும்.

கையால் செய்து பார்க்க ஆசை வந்தால், நியானுக்கு வேண்டிய வோல்ட்டேஜை இந்த வயதில் தொட வேண்டாம். பேத்தியிடம் ஒரு 555 ஐசி வாங்கி வரச் சொல்லுங்கள். ஓர் எல்இடி, ஒரு கண்டென்சர், சில ரெசிஸ்டர்கள், 9 வோல்ட் பேட்டரி. கண்டென்சர் பேட்டரி அளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு ஏறியதும் காலியாகத் தொடங்கும், மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் மறுபடி நிரம்பும். ரெசிஸ்டரை மாற்றி மாற்றிப் போட்டு, மினுக்கல் நிமிடத்துக்கு 72 ஆகும் வரை இருவருமாக முயன்று பாருங்கள். மினுக்கலோடு சத்தமும் வேண்டும் என்று பழைய ரேடியோ ஸ்பீக்கரை எடுத்தால், அதை நெஞ்சோடு அணைத்துத் தூக்கி வராதீர்கள். அதன் பின்னால் இருக்கும் காந்தம் பேஸ்மேக்கருக்கு ஆகாது.